வலது கால் தேடிய பிரேக்

கெத்தரின் மிஸ்ஸி ஸ்கூட்டியோடு, மழைத்தண்ணீர் ஓடும் பாதையோரக் கானுக்குள் விழுந்த செய்தி, அவர் வீடு வந்து சேர்வதற்கு முன்பே கொழும்புக்குப் போய்விட்டது. றப்பர் மலையில் பால் வெட்டிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் ஓடிவந்து வண்டியைத் தூக்கிக் கொடுத்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி தன் தம்பிக்குச் சொல்ல, தம்பி ரொஹானுக்குச் சொல்லிவிட்டான். ரொஹான் கெத்தரினின் ஒரே மகன்.

"அம்மா, எங்க அடிபட்டிருக்கு?"

"முழங்கையில தோல் போயிருக்கு. வேற ஒண்ணுமில்ல. ஒனக்கு யாரு சொன்னது?"

"யாரு சொன்னா என்னா? இனிமே நீங்க பைக்கே ஓட்ட வேணாம். ரெண்டையும் வித்துடுவோம். சனிக்கிழமை வாறேன்."

ரெண்டையும் என்ற அந்தச் சொல்தான் கெத்தரினுக்குச் சுருக்கென்று குத்தியது. வீட்டுக்குப் பின்னால் இரண்டு வண்டிகள் நின்றன. ஒன்று, விழுந்த ஸ்கூட்டி. வெள்ளி நிறம், வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. மற்றது அவருடைய சிவப்பு எம்டி நைன்டி பைக். அது அன்று கொட்டிலைவிட்டு வெளியே வரவேயில்லை. எந்தப் பாவமும் செய்யாத வண்டிக்கும் சேர்த்துத்தான் மகன் தீர்ப்புச் சொல்லியிருந்தான்.

கெத்தரின் யட்டவத்தைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். படித்து, பயிற்சி முடித்து, அரசாங்க மருத்துவமாதுவாக அதே மலைகளுக்குத் திரும்பி வந்தார். அன்றிலிருந்து எல்லோருக்கும் அவர் மிஸ்ஸி. முதல் சில வருடங்கள் நடைதான். குடையும் பையுமாக தோட்டத்தின் ஒரு டிவிஷனிலிருந்து மறு டிவிஷனுக்கு ஏறி இறங்குவதற்குள் பாதி நாள் போய்விடும். பிறகு சேமிப்பைப் போட்டு இந்தச் சிவப்பு வண்டியை வாங்கினார். ஜப்பானில் தபால் கொடுப்பதற்காகச் செய்த வண்டி அது. உயரம் குறைவு, பின்னால் அகலமான கரியர், நடுவில் கம்பி இல்லாததால் சேலையோடும் சீருடையோடும் காலைத் தூக்காமல் ஏறலாம். தேவாலய மைதானத்தில் இரண்டு மாலை ஓட்டிப் பழகினார். மூன்றாம் நாள் வேலைக்கே அதில் போய்விட்டார்.

வெள்ளைச் சீருடையில் ஒரு பெண் சிவப்பு வண்டியில் வருவதைப் பார்க்க, தொடக்கத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசல்களில் ஆட்கள் கூடி நின்றார்கள். பின்னர் அந்த இன்ஜின் சத்தம் கேட்டாலே கர்ப்பிணிப் பெண்கள் கிளினிக் அட்டையை எடுத்துவைக்கப் பழகிக்கொண்டார்கள். கணவர் இறந்தபோதும், மகன் கொழும்புக்குப் போனபோதும், பென்ஷன் எடுத்தபோதும் வண்டி அவரோடுதான் இருந்தது. இப்போதும் யார் வீட்டிலாவது குழந்தை பிறந்தால் குளிப்பாட்டக் கூப்பிடுவார்கள். அவர் போவார்.

ஆனால் வேலைக்காக மட்டும் வண்டி வைத்திருந்தவர் என்று கெத்தரினைச் சொல்லிவிட முடியாது. அவருக்கு அது பெரிய ஆசை. காபரேட்டரைத் தானே கழற்றிக் கழுவுவார். தெருவில் ஒரு பைக் போனால், தலையை நிமிர்த்தாமலே அது என்ன வண்டி, செயின் தளர்ந்திருக்கிறதா என்று சொல்வார். பௌர்ணமிக்கு வரும் போயா விடுமுறை நாட்களில் மாத்தளையிலிருந்து ஒரு சிறு கூட்டம் பழைய பைக்குகளில் கிளம்பும். எல்லோரும் ஐம்பத்தைந்தைத் தாண்டியவர்கள். அந்தக் கூட்டத்தில் இருக்கும் ஒரே பெண் அவர்தான். முன்னால் போகிறவரும் பெரும்பாலும் அவர்தான்.

போன போயாவுக்கு நாவுல வரை போனார்கள். அங்கே றஹீமாவின் கடையில் பால் விடாத பிளேன்டியும் வடையும் சாப்பிடுவது வழக்கம். கடைக்கு முன்னால் வரிசையாக நின்ற வண்டிகளைப் பார்த்து றஹீமா வாயைக் கிளறினார்.

"ஒங்க எல்லாருக்கும் கண்ணுக்கு ஒரு டொக்டர், முழங்காலுக்கு ஒரு டொக்டர். காசில்லாத ஆளுங்களும் இல்ல. புதுசா ஒண்ண வாங்கி சொகமாப் போனா என்னா?"

முத்தலிப் தட்டை மேசையில் வைத்தார். மாத்தளையில் மிளகும் கராம்பும் வாங்கி விற்பவர். அவரிடம் இருப்பது பழைய சிடி வன் டுவன்டி ஃபைவ்.

"புது வண்டி நம்மட பேச்சக் கேக்காது றஹீமா. மீட்டர்ல ஒரு மஞ்ச லைட் பத்தும். ஏன்டா பத்துதுன்னு கேட்டா கராஜ் பாஸுக்கும் தெரியாது. கொண்டுபோய் கம்ப்யூட்டர்ல மாட்டணும்பான். என்ட வண்டிக்கு லைட் வேணாம். அது இருமுற சத்தத்துலயே எனக்கு வெளங்கும், பிளக்கா பெற்றோலான்னு."

"எனக்கு உசரந்தான் பிரச்சின," என்றார் விஜேந்திரன். தம்புள்ளைக்கு மரக்கறி லொறி ஓட்டி ஓய்ந்தவர். "இப்ப வாற பைக்கெல்லாம் ஒட்டகம் மாதிரி. ஏறி உக்காந்தா காலு தரையில படமாட்டேங்குது. நான் பைக்கப் புடிச்சிருக்கேனா, பைக்கு என்னையப் புடிச்சிருக்கான்னே தெரியல."

"ஒங்கட உசரத்துக்குப் புள்ளைங்க சைக்கிளும் ஒட்டகந்தான்," என்றார் முத்தலிப்.

சிரிப்பு அடங்கியதும் றஹீமா கெத்தரினைப் பார்த்தார். "மிஸ்ஸி என்ன சொல்றீங்க? பழசு மேல பாசமா?"

"பாசமா? அந்தக் காலத்துல எனக்குக் கெடச்சது மழையும் அட்டைக்கடியுந்தான். அதுமேல என்ன பாசம்? எனக்கு ஒரே ஒரு கணக்கு. விழுந்தா நானே தூக்கணும். தோட்டத்து ரோட்டுல விழுந்து கெடக்கும்போது, மேல ஒருத்தி வலியில கத்திக்கிட்டு இருப்பா. யாராவது வருவாங்கன்னு பாத்துக்கிட்டு நிக்க முடியுமா? என்னால தூக்க முடியாத வண்டி எனக்கு வண்டியில்ல."

அவர் சொன்னது வெறும் பேச்சில்லை. சிவப்பு வண்டியோடு அவர் விழாத வளைவு அந்தப் பக்கத்தில் குறைவு. ஒவ்வொரு முறையும் ஹேண்டிலை ஒரு கையிலும் கரியரை மறு கையிலும் பிடித்து, சீட்டில் முதுகைக் கொடுத்து, காலால் உந்தி நிமிர்த்தியிருக்கிறார்.

இந்த நேரத்தில்தான் ஸ்கூட்டி வந்தது. பிறந்தநாளுக்கு மகன் அனுப்பிய பரிசு. ரொஹான் கொழும்பில் ஓட்டுவதும் அதே ரகம்தான். தனக்குச் சுகமாக இருப்பது அம்மாவுக்கும் சுகமாக இருக்கும் என்று அன்போடு வாங்கியிருந்தான். கெத்தரினும் மனம் கோணாமல் எடுத்துக்கொண்டார். சுவிட்சைத் தொட்டால் ஸ்டார்ட் ஆகும், சீட்டுக்கு அடியில் பையும் எண்ணெய்ப் போத்தலும் வைக்கலாம், கியர் மாற்றத் தேவையில்லை. மாத்தளை டவுனுக்குள் கடைக்கும் கோயிலுக்கும் போய்வர அது அருமையாக இருந்தது. அவரே அதைப் பலரிடம் புகழ்ந்தார்.

விழுந்தது மலையில். குழந்தை குளிப்பாட்டிவிட்டுத் திரும்பும்போது அப்போதுதான் இலேசாகத் தூறத் தொடங்கியிருந்தது. இறக்கத்தில், ஒரு வளைவில், நாய் ஒன்று குறுக்கே வந்தது. கெத்தரினின் வலது கால் ஒரு நொடிகூடத் தயங்காமல் பிரேக்கை மிதித்தது. அங்கே பிரேக் இல்லை. சிவப்பு வண்டியில்தான் வலது காலுக்குக் கீழே பிரேக். ஸ்கூட்டியில் இரண்டு பிரேக்கும் கையில். கால் மறுபடியும் அந்த வெறும் மிதிதட்டையே ஓங்கி மிதித்தது. கைகளுக்கு நினைவு வந்து இரண்டு லீவரையும் இறுக்கியபோது காலம் கடந்துவிட்டது. முன்சில்லு சறுக்கி, வண்டியும் அவரும் கானுக்குள் போனார்கள்.

எழுந்து நின்று ஸ்கூட்டியைத் தூக்கப் பார்த்தார். ஹேண்டிலைப் பிடித்தார், பின்னால் பிடித்தார், முதுகைக் கொடுத்தார். அது அசையவில்லை. பால் வெட்டும் பெண்கள் வந்து தூக்கித் தரவேண்டியிருந்தது. முழங்கை எரிந்ததைவிட அதுதான் அவருக்கு அதிகமாக எரிந்தது.

சனிக்கிழமை ரொஹான் வந்தான். வரும்போதே வேலையை முடித்துக்கொண்டு வந்திருந்தான். இணையத்தில் சிவப்பு வண்டியின் படத்தைப் போட்டிருக்கிறான். கண்டியிலிருந்து ஒருவர் நாளை மத்தியானம் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். ஸ்கூட்டியை வாங்கிய கடைக்கே திருப்பிக் கொடுக்கலாம். இனி அம்மாவுக்கு வாடகைத் திரீவீல்.

கெத்தரின் சோற்றைப் போட்டு முன்னால் வைத்தார்.

"அம்மா, ஒங்களுக்கு அறுபது முடிஞ்சிருச்சு."

"ஒன்னையப் பெத்தவளுக்கு அந்தக் கணக்குத் தெரியும்."

"அதத்தான் சொல்றேன். வயசு போனா கைகாலு சொன்ன மாதிரி கேக்காது."

"என் காலு சொன்ன மாதிரிதான் கேட்டுச்சு. அங்க பிரேக்கு இல்ல. அதுக்குக் காலு என்ன செய்யும்?"

"ஸ்கூட்டியில பிரேக்கு கையிலன்னு ஒங்களுக்குத் தெரியுந்தானே?"

"எனக்குத் தெரியும். காலுக்குத் தெரியாது."

ரொஹானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "காலுமேல பழி போடுற சாட்டு நல்லாத்தான் இருக்கு. இளம் ஆளா இருந்தா ஒரு நாள்ல பழகிருவாங்கம்மா. இது வயசுதான்."

"அப்படியா? அப்ப நாளைக்கு என் வண்டிய நீ ஓட்டு. ஒரு நாளும் நீ அத ஓட்டினதில்லையே. நான் பின்னால உக்காறேன். யட்டவத்தைக்குப் போய்ட்டு வருவோம். நீ பழகிட்டன்னா, கண்டிக்காரர் கையில நானே சாவியக் குடுக்குறேன். அப்புறம் நீ சொல்ற திரீவீல்ல வாய மூடிக்கிட்டுப் போறேன்."

"நெசமா?"

"நான் என்னைக்குப் பொய் சொன்னேன்?"

சொன்ன பிறகுதான், தான் எதைக் கொண்டுபோய் மேசையில் வைத்தோம் என்பது கெத்தரினுக்கு உறைத்தது. ரொஹான் நன்றாக ஓட்டுகிறவன். கொழும்பு நெரிசலில் ஒவ்வொரு நாளும் ஓட்டிப் பழகியவன். அவன் ஒழுங்காகப் போய்வந்துவிட்டால் வண்டி போனது போனதுதான். இருந்தாலும் அவர் எதையும் மறைக்கவில்லை. ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் கொட்டிலில் வைத்து எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தார். முன்காலால் அமத்தினால் கியர் ஏறும், குதிக்காலால் அமத்தினால் இறங்கும். இடது கைக்கு ஒரு வேலையும் இல்லை, அந்தப் பக்கம் லீவரே கிடையாது. முன் பிரேக் வலது கையில், பின் பிரேக் வலது காலில். ரொஹான் பள்ளிக்கூடப் பாடம் போல ஒருமுறை திருப்பிச் சொன்னான். ஒரு பிழையும் இல்லை.

சாட்சிக்கு முத்தலிப் தன் பைக்கில் வந்து சேர்ந்தார். "தம்பி, மெதுவாப் போங்க. பின்னால ஈக்கிறது அரசாங்கச் சொத்து, பென்ஷன் வாற ஆளு," என்றார்.

ஏற்றம் முழுவதும் ரொஹான் அழகாக ஓட்டினான். ஒரே ஒரு இடத்தில் கியர் மாற்ற மறந்து இன்ஜின் முக்கியது. உடனே குதிக்காலால் அமத்திச் சரிசெய்துகொண்டான். பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்திருந்த கெத்தரின் அவன் தோள்கள் இறுக்கம் விட்டுத் தளர்வதைப் பார்த்தார். யட்டவத்தைச் சந்தியில் வண்டியை நிறுத்தி, ஹெல்மட்டைக் கழற்றி, அவன் கடையில் தேநீருக்குச் சொன்னான். முகமெல்லாம் வெளிச்சம்.

முத்தலிப் கெத்தரினின் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "மிஸ்ஸி, பொடியன் நல்லாத்தானே ஓட்டுறான்."

"ஓட்டட்டும். யாரு மகன்?"

அப்படிச் சொன்னாலும் சாவி வளையத்தில் இருந்த சின்னச் சிலுவையைக் கழற்றி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். கண்டிக்காரருக்கு அது எதற்கு?

திரும்பும்போது இறக்கம். ரொஹானுக்கு நம்பிக்கை முற்றிவிட்டது. முகத்தைப் பாதி திருப்பிப் பேசிக்கொண்டே வந்தான். கண்டிக்காரர் நல்ல மனிதராம். வண்டியைக் கவனமாக வைத்துக்கொள்வாராம். வேண்டுமானால் அம்மா போய்ப் பார்க்கலாமாம்.

"முன்னால பாத்து ஓட்டு," என்றார் கெத்தரின்.

வளைவு திரும்பியதும், பக்கத்து மண் பாதையிலிருந்து ஓர் உழவு இயந்திரம் இழுவைப் பெட்டியோடு பாதைக்குள் நுழைந்துகொண்டிருந்தது. அவசரம் என்று சொல்ல முடியாது. பிரேக் பிடித்தால் தாராளமாக நிற்கக்கூடிய தூரம். ரொஹான் பிரேக் பிடித்தான். இடது கையால். அந்தக் கை ரப்பர் பிடியை நசுக்கிவிடுவது போல இறுக்கியது. ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் இறுக்கியது. வலது கையும் முன் பிரேக்கைப் பிடித்ததுதான். இரண்டு பேரின் பாரத்தோடு இறக்கத்தில் ஓடும் வண்டிக்கு அது மட்டும் போதவில்லை. வலது கால் பிரேக்குக்கு மேலேயே சும்மா இருந்தது.

"வலது காலு! மிதி!"

கால் மிதித்தது. பின்டயர் கிறீச்சிட்டது. வண்டி பாதையை விட்டு ஓரத்துப் புல்லில் ஏறி, மிளகுக் கொடி படர்ந்த ஒரு மரத்துக்கு முன்னால் நின்று அணைந்தது. உழவு இயந்திரக்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தார். அவருக்கு இதில் பார்க்க ஒன்றுமில்லை.

கெத்தரின் இறங்கிச் சேலையைச் சரிசெய்தார். ரொஹான் இறங்கவில்லை. பின்னால் வந்த முத்தலிப் பைக்கை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார்.

"என்னா தம்பி, வெறுங்கைய இந்த இறுக்கு இறுக்குறீங்க? பிடி கழண்டு ஓடிடும்ன்னா?"

அப்போதுதான் ரொஹான் தன் இடது கையைப் பார்த்தான். விரல்கள் இன்னும் விடவில்லை. ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தான்.

"அங்க பிரேக்கு இல்லன்னு எனக்குத் தெரியும்மா. காலையில நானே ஒங்களுக்குச் சொன்னேன்தானே."

"ஓ. சொன்ன."

"தெரியும். ஆனா இந்தக் கை..." அவன் நிறுத்தினான். விரல்களை மடக்கி நீட்டினான். "எனக்கு முப்பத்திரண்டு."

கெத்தரின் சொல்ல வேண்டியதை அவனே சொல்லிவிட்டான்.

ஆனால் ரொஹான் இலேசில் விடுகிறவன் இல்லை. அம்மாவின் மகன். வண்டியைப் பாதைக்குத் தள்ளிக்கொண்டு வரும்போது கேட்டான்.

"சரி, இப்ப ஒங்க காலுக்கு இந்த வண்டி தெரியும். ஒரு நாளைக்கு இதுவும் மறந்துபோகுந்தானே?"

"போகும்."

"அன்னைக்கு?"

"அன்னைக்கு நானே நிப்பாட்டுவேன்."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மத்தவங்க உடம்பப் பாத்து, இன்னைக்குப் புள்ள பொறக்கும், இன்னைக்கு இல்லன்னு சொன்னவ நான். என் உடம்பு சொல்றது எனக்குக் கேக்காதா? கேக்குற நாளைக்கு ஒனக்கு ஃபோன் எடுக்குறேன். அதுவரைக்கும் நீ எனக்காகப் பயந்துக்க. பயப்படாதன்னு சொல்லமாட்டேன். வண்டிய மட்டும் விக்காத."

பிறகு கெத்தரின் ஹேண்டிலைப் பிடித்தார். கிக்கரை ஒரு உதை உதைத்ததும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. ரொஹான் பின்னால் ஏறிக்கொண்டான். அவர் இரண்டாம் கியரில் போட்டு இறக்கினார். வண்டி தன் இன்ஜினாலேயே தன்னைப் பிடித்துக்கொண்டு, உறுமிக்கொண்டே, அடக்கமாக இறங்கியது. வளைவுகளில் மட்டும் வலது கால் பிரேக்கை இலேசாகத் தொட்டுத் தொட்டு எடுத்தது. அந்தக் காலையே பார்த்துக்கொண்டு வந்தான் ரொஹான். சின்ன வயதில் இந்த வண்டியில் எத்தனையோ தடவை வந்திருக்கிறான். அப்போதெல்லாம் அவன் பார்த்தது பாதையோரத்தைத்தான்.

வீட்டு வாசலில் வண்டி நின்றதும் அவனுடைய ஃபோன் அடித்தது. கண்டிக்காரர். பஸ் அக்குறணையைத் தாண்டிவிட்டதாம். ரொஹான் சிங்களத்தில் பேசினான். மன்னிக்க வேண்டும், வண்டி விற்பனைக்கு இல்லை என்றான்.

வண்டியில் ஏதாவது பிழையா என்று அவர் கேட்டார்.

"வண்டியில ஒரு பிழையும் இல்ல. எனக்கு ஓட்டத் தெரியல."

அவர் நியாயமாகவே ஒரு கேள்வி கேட்டார். ஓட்டத் தெரியாது என்றால் விற்பதுதானே சரி?

ரொஹான் ஃபோனை அம்மாவிடம் நீட்டினான். கெத்தரின் வாங்கி, இவ்வளவு தூரம் வந்தவர் பாதியில் திரும்பக் கூடாது, வந்து சாப்பிட்டுவிட்டு வண்டியைப் பார்த்துவிட்டுப் போங்கள், பார்ப்பதற்கு மட்டும்தான் என்றார்.

அவர் வந்தார். தலை முழுக்க நரைத்த, மெலிந்த மனிதர். வண்டியை ஓட்டிக்கொண்டு போகலாம் என்று நம்பி ஹெல்மட்டைக் கையிலேயே கொண்டுவந்திருந்தார். ஏமாற்றம் முகத்தில் தெரிந்தது. ஆனால் சிவப்பு வண்டியை ஸ்டார்ட் செய்து காட்டியதும் அது போய்விட்டது. குனிந்து காதைக் கொடுத்தார். கெத்தரினும் குனிந்தார். இரண்டு பேரும் வால்வு இடைவெளியைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். சோறு ஆறிப்போகிறது என்று ரொஹான் இரண்டு முறை கூப்பிட வேண்டியிருந்தது. நாவுலயில் இதே போல ஒன்று விலைக்கு இருக்கிறது, நாளைக்கே கூட்டிப்போகிறேன் என்று முத்தலிப் வாக்குக் கொடுத்தார்.

ஸ்கூட்டிக்கும் ஓர் ஆள் கிடைத்தது. முத்தலிப்பின் மருமகள் ஸில்மியா ஓட்டிப் பழகியதே ஸ்கூட்டியில்தான். வேறு வண்டி அவளுக்குத் தெரியாது. அன்று பின்னேரம் அவள் வந்து, ஏறி உட்கார்ந்து, முன்னால் இருந்த இறக்கத்தில் இறங்கிப் போய்த் திரும்பி வந்தாள். ஒரு தடுமாற்றமும் இல்லை. அவளுடைய இடது கைக்கு வேண்டியது அங்கே இருந்தது. மாமனாருக்குச் சம்மதம் என்றால் தானே எடுத்துக்கொள்கிறேன் என்றாள்.

கண்டிக்காரர் புறப்படும்போது ரொஹானின் பக்கம் திரும்பினார்.

"மகன் எதுல ஓடுறது?"

"கொழும்புல ஸ்கூட்டி."

"நல்ல வண்டி," என்றார் அவர், மிகவும் பொறுப்பாக. "அத மாத்திடாதீங்க."

முத்தலிப்தான் முதலில் சிரித்தார். அடுத்தது ரொஹான்.